ஐரோப்பா டூர் போறீங்களா? கல் பாவிய தெருக்களில் வழுக்காமல் நடக்க எந்த ஷூ சரி?

விசா வந்தாச்சு. டிக்கெட் போட்டாச்சு. ஸ்வெட்டர் முதல் புளிக்காய்ச்சல் பாட்டில் வரைக்கும் பெட்டியில் ஏறியாச்சு. ஷூ? அது கிளம்புவதற்கு 2 நாள் முன்னால், தள்ளுபடியில், கலர் பிடித்துப்போய் வாங்கியதாக இருக்கும். இல்லையென்றால் 4 வருஷத்துக்கு முன்னால் வாங்கி, நாலு தடவை மட்டும் போட்டு, பரணில் தூக்கி வைத்ததாக இருக்கும்.

வெயில் நாளில் இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. லேசாக ஒரு தூறல் விழட்டும், அப்போது தெரியும். லிஸ்பனிலோ ரோமிலோ சரிவான ஒரு கல் தெருவில் இறங்கும்போது குதிகால் ஒரு அங்குலம் முன்னால் நழுவும். இளவயசுக்காரர் சமாளித்து நின்றுவிடுவார். 60 வயதைத் தாண்டிய அம்மா கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு எலும்பு முறியலாம். அதற்குப் பிறகு மீதிச் சுற்றுலா யாருக்குமே இல்லை. ஒருத்தர் ஹோட்டல் அறையில், இன்னொருத்தர் துணைக்கு.

இதில் பெரும்பகுதியைக் கடையிலேயே, ஷூவைத் திருப்பிப் பார்த்தே தவிர்க்க முடியும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். விலையும் பிராண்டும் இதில் இரண்டாவது விஷயம்தான்.

அங்கே காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

நம் ஊரில் தினமும் நடப்பது தார் ரோடு, சிமென்ட், மண். மூன்றும் சொரசொரப்பானவை. மழை பெய்தாலும் சேறு இருந்தால்தான் வழுக்கும். ஐரோப்பாவின் பழைய நகரங்களில் நிலைமை வேறு. சுற்றுலாப் பயணிகள் நடக்கும் பழைய நகர்ப் பகுதிகளில் பெரும்பாலும் பாவு கல்தான். பல தலைமுறைக் கால்கள் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்த கல்.

லிஸ்பனை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகல் தலைநகரின் நடைபாதைகள், சதுக்கங்கள் எல்லாம் கைக்கு அடக்கமான சின்னச் சின்ன சுண்ணாம்புக் கற்களால் பாவியவை. வெள்ளைக் கல்லுக்கு நடுவே கறுப்புக் கல் வைத்து அலை, பூ, கப்பல் என்று கோலம் போட்ட மாதிரி இருக்கும். இதற்குப் பெயர் கல்சாதா. 1842-இல் சாவ் ஜார்ஜ் கோட்டையில் கைதிகளை வைத்து இப்படி ஒரு தரை போட்டார்கள். அது பிடித்துப்போய், அந்தப் பத்தாண்டின் இறுதியில் ரோசியூ சதுக்கம் முழுவதும் கறுப்பு வெள்ளை அலைகளாகப் பாவப்பட்டது. பிறகு நகரம் முழுக்கப் பரவியது. கல் பதிக்கும் தொழிலாளிகளைப் பயிற்றுவிக்க 1986-இல் நகராட்சி ஒரு பள்ளியே தொடங்கியது.

படம் எடுக்க அவ்வளவு அழகு. ஆனால் சுண்ணாம்புக் கல் மென்மையான கல். நடக்க நடக்க மெருகேறிக்கொண்டே போகும். நனைந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய மொசைக் தரை மாதிரிதான். போதாக்குறைக்கு லிஸ்பன் குன்றுகளின் மேல் கட்டிய ஊர்; அல்ஃபாமா போன்ற பழைய பகுதிகளில் தெரு என்பதே படிக்கட்டும் சரிவும்தான். வயதான உள்ளூர்க்காரர்களே வழுக்குகிறது என்று புகார் சொல்வதால், சில இடங்களில் கல்சாதாவுக்கு நடுவே சொரசொரப்பான பட்டை ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். அந்தப் பட்டை கண்ணில் பட்டால் அதன் மேலேயே நடங்க.

ரோமில் இருப்பது வேறு வகை. எரிமலைப் பாறையில் வெட்டிய, கிட்டத்தட்ட உள்ளங்கை அகலக் கறுப்புக் கற்கள். சாம்பியெத்ரினி என்பார்கள். சுண்ணாம்புக் கல்லைவிடக் கடினமானவை. ஆனால் மேல்பக்கம் லேசாகக் குவிந்து இருக்கும், கல்லுக்குக் கல் இடைவெளியும் உண்டு. ஒவ்வொரு அடியிலும் பாதம் ஒரு பக்கமாகச் சாயும். வழுக்குவதோடு கணுக்கால் பிசகுவதும் இங்கே அதிகம். வாகனப் போக்குவரத்து அதிகமுள்ள சில சாலைகளில் இந்தக் கற்களை எடுத்துவிடலாம் என்று ரோம் நகராட்சியே திட்டம் போட்டது. மரபுச் சின்னம் போய்விடும் என்று ஒரு தரப்பு, ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை என்று இன்னொரு தரப்பு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

வெனிஸில் கார் கிடையாது, நடை மட்டும்தான். 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிகள். படிகளின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கல் பதித்திருப்பார்கள். அது இஸ்திரியக் கல். படியின் நடுப்பகுதியில் இருக்கும் சாம்பல் நிறக் கல் காலைப் பிடிக்கும். இந்த வெள்ளை விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கும். இறங்கும்போது கால் முதலில் படுவது அந்த விளிம்பில்தான்.

கண்ணாடிப் பாலம் கதை

வெனிஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பெரிய கால்வாயின் மேல் 2008-இல் ஒரு புதிய பாலம் திறக்கப்பட்டது. ஸ்பெயினைச் சேர்ந்த புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்தது. படிகளில் கண்ணாடி பதித்திருந்தார்கள். பார்க்கப் பிரமாதம். மழையிலும் பனியிலும் ஆட்கள் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தார்கள். வழுக்காமல் இருக்கப் பட்டை ஒட்டிப் பார்த்தார்கள், எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் 2022-இல், கண்ணாடியை எடுத்துவிட்டு வெனிஸ் தெருக்களில் வழக்கமாகப் போடும் டிராக்கைட் கல்லையே பதிப்பது என்று நகராட்சி முடிவு செய்தது.

இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. வழுக்குவதில் இரண்டு பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்: தரையும் ஷூவும். தரையை மாற்ற முடிவெடுக்கவே ஒரு நகராட்சிக்கு 14 வருஷம் ஆனது. நம் கையில் இருப்பது ஷூ மட்டும்தான்.

ஏன் வழுக்குகிறது?

காய்ந்த கல்லில் ரப்பர் நேரடியாகப் பட்டுப் பிடித்துக்கொள்ளும். நனைந்த கல்லில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று உட்கார்ந்திருக்கும். சொரசொரப்பான கல் என்றால் அதன் முனைகள் படலத்தைக் குத்திக்கொண்டு மேலே வரும். மெருகேறிய கல்லில் அப்படி முனைகளே இல்லை. எனவே அந்தத் தண்ணீரை ஓரமாக ஒதுக்கிவிட்டு ரப்பரைக் கல்லோடு ஒட்ட வைக்கும் வேலையை ஷூவின் அடிப்பாகம்தான் செய்தாக வேண்டும்.

ஆபத்தான நொடி எது தெரியுமா? குதிகால் தரையைத் தொடும் நொடி. அப்போது உடம்பு எடை முன்னால் வந்துகொண்டிருக்கும், ஆனால் தரையில் பட்டிருப்பது குதிகாலின் பின் விளிம்பு மட்டும்தான். அது வழுக்கினால் கால் முன்னால் போகும், உடம்பு பின்னால் சாயும். மல்லாந்து விழுவது இப்படித்தான். சரிவில் இறங்கும்போது இது இன்னும் எளிதாக நடக்கும்.

ஆகவே கடையில் ஷூவைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது மேலே உள்ள கலரை அல்ல, அடியில் உள்ள குதிகாலை.

திருப்பிப் பாருங்க, நகத்தால் அழுத்துங்க

ஷூவைக் கவிழ்த்து, அடிப்பாகம் எதனால் ஆனது என்று பாருங்கள். எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக இப்போது பல ஷூக்களில் ரப்பரே இருப்பதில்லை. வெள்ளை ஃபோமே நேராகத் தரையில் படும். இன்னும் சிலவற்றில் அங்கங்கே ரெண்டு துண்டு ரப்பர் ஒட்டியிருக்கும். ஜிம்முக்கும் டிரெட்மில்லுக்கும் அது போதும். ஈரக் கல்லுக்குப் போதாது. குதிகாலின் பின் விளிம்பு வரைக்கும் ரப்பர், முன்பாதத்தின் அகலமான பகுதி முழுக்க ரப்பர். இது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்தது, ரப்பர் எப்படிப்பட்டது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்கி, நகத்தை எடுத்ததும் பழையபடி வந்தால் நல்லது. பிளாஸ்டிக் வாளியை அழுத்துகிற மாதிரி இருந்தால், பளபளவென்று மின்னினால், வேண்டாம். கடினமான ரப்பரும் பிளாஸ்டிக் சோலும் சீக்கிரம் தேயாது. ‘நீண்ட நாள் உழைக்கும்’ என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் அதே கடினத்தன்மைதான் ஈரக் கல்லில் வழுக்க வைக்கும். மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும், ஆனால் பிடிக்கும். இரண்டும் ஒரே ஷூவில் முழுசாகக் கிடைக்காது. சுற்றுலாவுக்கு என்றால் தேய்மானத்தைக் கண்டுக்காதீங்க. இன்னொரு விஷயம், குளிரில் பிளாஸ்டிக் வகை சோல்கள் மேலும் இறுகும். சென்னையில் 33 டிகிரியில் பிடித்த ஷூ, டிசம்பர் மாத பிராக் நகரத்தில் 2 டிகிரியில் அதே மாதிரி பிடிக்கும் என்று நம்ப முடியாது.

மூன்றாவது, வெட்டுகள். தண்ணீர் வெளியேற வழி வேண்டும். நிறைய குறுகிய கோடுகள், அவை சோலின் ஓரம் வரை திறந்து போகிற மாதிரி. நாலு பக்கமும் மூடிய வட்டங்களும் சதுரங்களும் தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கோடுகளுக்கு நடுவில் இருக்கும் ரப்பர் தட்டையாக, கல்லில் முழுசாகப் படிகிற மாதிரி இருக்கணும்.

அப்படியானால் டிரெக்கிங் பூட்ஸ்தானே பெஸ்ட்?

நிறைய பேர் செய்கிற தவறு இதுதான். அடியில் பெரிய பெரிய பற்கள் இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கிறோம். அந்தப் பற்கள் எதற்காக வந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1935-இல் இத்தாலிய மலையேறி விதாலே பிரமானி, ஆல்ப்ஸ் மலையில் 6 நண்பர்களைப் பறிகொடுத்தார். அவர்கள் போட்டிருந்த காலணிகள் பனிக்கும் பாறைக்கும் ஏற்றவையாக இல்லாததும் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம். அதன் பிறகு அவர் டயர் நிறுவனமான பிரெல்லியின் உதவியோடு, பற்கள் வைத்த ரப்பர் சோல் ஒன்றை உருவாக்கினார். 1937-இல் அது சந்தைக்கு வந்தது. அவருடைய பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்து உருவானதுதான் இன்றைய விப்ரம் என்ற பெயர்.

அதாவது ஆழமான பற்கள் மண்ணிலும் சேற்றிலும் பனியிலும் குத்தி இறங்குவதற்கானவை. மெருகேறிய கல்லில் குத்தி இறங்க என்ன இருக்கிறது? அங்கே பற்களின் நுனி மட்டும்தான் கல்லில் படும். படுகிற பரப்பு குறைந்துவிடும். அந்தப் பற்கள் கடினமான ரப்பரில் செய்ததாக இருந்தால், லிஸ்பன் தெருவில் சாதாரண கான்வாஸ் ஷூவைவிட மோசமாக வழுக்கலாம். மலையேற்ற ஷூக்களிலும் ஈரப் பாறைக்கென்றே மிருதுவான ரப்பர் போட்டவை இருக்கின்றன. அவை நன்றாகவே பிடிக்கும். வித்தியாசம் பல்லில் இல்லை, ரப்பரில்தான்.

‘நான்-ஸ்லிப்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். சாதாரண வாக்கிங் ஷூவில் அந்தச் சொல்லை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தத் தரையில், எந்த அளவுக்கு வழுக்காது என்று அது சொல்வதில்லை. ஐரோப்பாவில் தொழிற்சாலை, சமையலறை, மருத்துவமனை ஊழியர்கள் போடும் பாதுகாப்புக் காலணிகளுக்கு மட்டும் முறையான சோதனை உண்டு. பழைய விதிப்படி சோப்பு நீர் ஊற்றிய டைல், கிளிசரின் தடவிய எஃகு ஆகியவற்றின் மேல் வைத்துச் சோதித்தார்கள். இரண்டிலும் தேறியதற்கு எஸ்.ஆர்.சி. என்று பழைய முத்திரை இருக்கும். இப்போதைய விதிப்படி எஸ்.ஆர். என்று போடுகிறார்கள். இந்த முத்திரையோடு பார்க்க சாதாரண ஸ்னீக்கர் மாதிரியே இருக்கும் மாடல்களும் கிடைக்கின்றன. சமையல்காரர் ஷூ என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் அதில் 15 கிலோமீட்டர் நடக்க வசதியாக இருக்குமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கழுவி விட்ட கிரானைட் வாசற்படியிலோ, மொசைக் தரையிலோ ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு குதிகாலை மட்டும் ஊன்றி மெதுவாக முன்னால் தள்ளிப் பாருங்கள். பழைய செருப்பையும் அதே இடத்தில் வைத்துத் தள்ளிப் பார்த்தால் வித்தியாசம் காலுக்கே புரியும். புத்தம்புது ஷூவை இப்படிச் சோதித்து உடனே ஏமாந்துவிடாதீர்கள். அச்சில் வார்த்து எடுத்த பளபளப்பு அடியில் ஒட்டியிருக்கும். ஒரு வாரம் தார் ரோட்டில் நடந்து அது தேய்ந்த பிறகுதான் உண்மையான பிடி தெரியும். கடைசி நாளில் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு: ‘நான் எப்பவுமே 8 தான்’ என்றால்…

வழுக்காத ஷூ கிடைத்துவிட்டது, ஆனால் காலைக் கடிக்கிறது என்றால் பிரயோஜனம் இல்லை. பழைய நகரங்களைச் சுற்றும் நாளில் 20,000 அடிகள் வரை போவது சர்வ சாதாரணம். ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அதோடு படிகள். ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் மாடம் ஏற 463 படிகள், லிஃப்ட் கிடையாது. வத்திக்கானில் புனித பேதுரு பேராலய மாடத்துக்கு 551. லிஃப்டில் பாதி போனாலும் மிச்சம் 320 படிகள் ஏறித்தான் ஆகணும்.

இங்கே நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவில் ஷூ அளவு பெரும்பாலும் பிரிட்டிஷ் எண்ணில்தான். அந்த எண்கள் ஐரோப்பியக் கால்களை வைத்து வந்தவை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர்களின் பாதத்தைவிட அகலமானது என்பது அதில் தெரிந்த முக்கியமான விஷயம். ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவு முறையும் அந்த ஆய்விலிருந்து பரிந்துரைக்கப்பட்டது. பாரத் என்பதன் முதல் எழுத்து அது.

அகலம் போதாதபோது பெரும்பாலானோர் என்ன செய்கிறோம்? நீளத்தில் ஒரு எண் பெரியதாக வாங்கிவிடுகிறோம். அப்போது பக்கவாட்டில் சரியாக இருக்கும், குதிகால் உள்ளே ஏறி இறங்கும். கொப்புளம் வருவது அந்த உரசலால்தான். சரிவில் இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி விரல் நுனி முட்டும். நாலாவது நாள் நகம் கறுத்திருக்கும். நீளத்தைக் கூட்டாமல், அகல மாடல் இருக்கிறதா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் ஒரே மாடலை இரண்டு மூன்று அகலங்களில் செய்கின்றன, கடை அலமாரியில் இல்லாவிட்டாலும் ஆன்லைனில் இருக்கும்.

அகலத்தைப் பார்க்க எளிய வழி: ஷூவுக்குள் இருக்கும் அட்டையை, அதாவது இன்சோலை வெளியே எடுத்து, தரையில் போட்டு அதன் மேல் எழுந்து நில்லுங்கள். பாதம் இரு பக்கமும் வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. நீளவாட்டில் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்கணும். எல்லாருக்கும் கட்டைவிரல்தான் நீளம் என்பதில்லை. சிலருக்கு இரண்டாவது விரல் முந்திக்கொண்டிருக்கும். அதை வைத்துப் பார்க்கவும். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது, பெரியதுக்கு ஏற்ப வாங்குங்கள்.

கடைக்குச் சாயங்காலம் போங்க. நாள் முழுக்க நின்று நடந்த பிறகு பாதம் லேசாக வீங்கியிருக்கும். 10 மணி நேர விமானப் பயணத்துக்குப் பிறகும் அப்படித்தான் இருக்கும். காலையில் கச்சிதமாகப் பொருந்திய ஷூ அங்கே போய் இறுக்கும். கூடவே, அங்கே போடப்போகும் அதே சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்க. பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஈரத் தோல் சீக்கிரம் உரியும். கம்பளி கலந்த மெல்லிய சாக்ஸோ விளையாட்டு சாக்ஸோ நல்லது. வருஷம் முழுக்கச் செருப்பு போடும் நமக்கு ஷூவைவிட சாக்ஸ்தான் புதுப் பழக்கம். தினம் ஒரு ஜோடி புதுசாக மாற்ற வேண்டும் என்பதே பலருக்கு மூன்றாம் நாள்தான் உறைக்கும்.

பரண் ஷூவை நம்பாதீங்க

‘நல்ல பிராண்ட், அதிகம் போடவே இல்லை, புதுசு மாதிரி இருக்கு’ என்று எடுத்துக் கட்டுகிற பழைய ஷூ ஒரு தனி ஆபத்து. பல ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றில் இருக்கும் ஈரப்பதத்தோடு அது மெதுவாக வினைபுரிந்து, உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் நடக்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களின் வெக்கையிலும் ஈரத்திலும் இன்னும் வேகமாக நடக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அங்கே போய் இரண்டு மணி நேரம் நடந்ததும் சோல் கேக் மாதிரி பொடிப்பொடியாக உதிரும், இல்லையென்றால் அப்படியே பிரிந்து வாயைத் திறக்கும். ஷூ வாங்கி 3, 4 வருஷம் ஆகியிருந்தால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டு நாலைந்து நாள் நல்லா நடந்துவிடுங்கள். உதிர்வதாக இருந்தால் இங்கேயே உதிரட்டும்.

புது ஷூவுக்கும் அதே ஒரு மாதம் வேண்டும். முதல் வாரம் அரை மணி, அப்புறம் ஒரு மணி என்று கூட்டி, கடைசியில் ஒரு நாள் இரண்டு மூன்று மணி நேரம் நடந்து பாருங்கள். கோயில் பிராகாரத்தில் இந்தப் பயிற்சி முடியாது என்பதால் பூங்காவோ கடற்கரைச் சாலையோதான் வழி.

மழைக்கு வாட்டர்ப்ரூஃப் வேணுமா?

போகும் மாதத்தைப் பொறுத்தது. ஜூலை, ஆகஸ்டில் ரோமில் 35 டிகிரியைத் தொடும். அப்போது வாட்டர்ப்ரூஃப் ஷூ போட்டால் உள்ளே வியர்வையில் கால் ஊறிவிடும். காற்றோட்டமான வலைத்துணி ஷூ போதும். நனைந்தாலும் சீக்கிரம் காயும். நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் வாட்டர்ப்ரூஃப் பயன்படும், ஆனால் மேல்வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அது காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். இரண்டு ஜோடி எடுத்துப்போய் மாற்றி மாற்றிப் போடுவதுதான் சௌகரியம். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். அறை ஹீட்டரின் மேல் வைக்க வேண்டாம், ஒட்டிய பசை இளகிவிடும்.

உறைபனி பிடித்த தரை வேறு கதை. அதில் எந்த ரப்பரும் முழுசாகப் பிடிக்காது. ஷூவின் மேல் மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகள் அங்கே கடைகளில் கிடைக்கும். கட்டடத்துக்குள் நுழையும்போது அவற்றைக் கழற்றிவிட வேண்டும். ரயில் நிலையத்தின் சலவைக்கல் தரையில் அந்த இரும்பு முள்தான் முதலில் வழுக்கும்.

செருப்பு போட்டுப் போகலாமா?

கோடையில், பின்பட்டையும் ரப்பர் அடியும் உள்ள நடைச் செருப்பு தாராளமாகப் போகலாம். பின்பட்டை இல்லாத செருப்பு வேண்டாம். அது கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு அடியிலும் விரல்களால் கவ்வி நடப்போம், நமக்கே தெரியாது. ரோம் மாதிரி மேடு பள்ளக் கல்லில் மாலைக்குள் காலும் கெண்டைக்காலும் விண்ணென்று வலிக்கும். டின்னருக்கு, போட்டோவுக்கு என்று எடுத்து வைக்கும் தோல் அடி ஷூவும், மெல்லிய ஹீல்ஸும் கற்களுக்கு நடுவே மாட்டும். புடவை கட்டிக்கொண்டு நடக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: ஷூவின் உயரத்துக்கு ஏற்ப புடவை உயரத்தை வீட்டிலேயே ஒரு முறை கட்டிப் பார்த்துவிடுங்கள். படி இறங்கும்போது கொசுவம் மிதிபடுவதும் விழுவதற்கு ஒரு காரணம்தான்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீங்க. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஷூ கடிப்பதோ, உள்ளே ஒரு சின்னக் கல் கிடப்பதோ தெரியாது. கொப்புளம் உடைந்து புண்ணான பிறகுதான் சாக்ஸில் ரத்தம் பார்த்துத் தெரியும். அந்தப் புண் ஆறவும் நாளாகும். பயணத்துக்கு முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள். ஷூவைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். இரவு அறைக்கு வந்ததும் பாதத்தின் அடிப்பக்கத்தையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துப் பார்க்கலாம், கூட வருகிறவரைப் பார்க்கச் சொல்லலாம். ஹோட்டல் அறைக்குள்ளும் வெறும் காலில் நடக்க வேண்டாம். இறுக்கமான ஷூவைப் ‘போகப் போக தளரும்’ என்று இவர்கள் வாங்கவே கூடாது.

பெற்றோரை அனுப்பி வைக்கும் பிள்ளைகள் ஒன்றைக் கவனியுங்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் கொடுத்துவிடாமல், கடைக்கே கூட்டிப் போய் நடக்க வைத்துப் பாருங்கள். ‘பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள். அந்தப் பதிலை ஏற்காதீங்க. 10 நிமிஷம் கடைக்குள்ளேயே நடந்து, மாடிப்படி இருந்தால் இறங்கியும் காட்டச் சொல்லுங்கள்.

அங்கே போன பிறகு

நல்ல ஷூ இருந்தாலும் சில இடங்களில் நடை மாற வேண்டும். ஈரமான சரிவில் நீட்டி அடி வைக்காமல், சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் படிகிற மாதிரி இறங்குங்கள். குதிகால் முதலில் குத்துவது குறையும். சரிவுக்கு முன்னால் நின்று லேஸை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டால் விரல் நுனி முட்டாது. டிராம் தண்டவாளத்தை மிதிக்காமல் தாண்டுங்கள். ஈர இரும்பில் எந்த ஷூவுக்கும் பிடிப்பு கிடையாது. இலையுதிர் காலத்தில் நடைபாதையில் ஒட்டிக் கிடக்கும் ஈர இலைகளும் அப்படித்தான். தரையைவிட போனைப் பார்த்து நடக்கிறவர்கள்தான் எப்படியும் அதிகம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் பாலிசி எல்லாரிடமும் இருக்கும். விழுந்து எலும்பு முறிந்தால் எந்த எண்ணுக்கு முதலில் அழைக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். அதைப் பிள்ளைகளின் மெயிலில் மட்டும் வைக்காமல், பெற்றோரின் பர்ஸில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கிளம்பும் நாளில் நடைக்கான ஷூவைக் காலிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள். பெட்டியில் எடையும் மிச்சமாகும். பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் ஒரு மாதம் பழக்கிய ஷூ உங்களோடு இருக்கும். விமானத்தில் உட்கார்ந்ததும் லேஸைத் தளர்த்திவிட்டு, இறங்கும் முன் மறக்காமல் கட்டிக்கொள்ளுங்கள்.